பாலாற்றுப் படுகையில் சுற்றுச்சூழல் சட்டங்களைக் கடைப்பிடிப்பது எப்படி: வேலூர் வட்டாரத் தொழிற்கூடங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் முழுமையான வழிகாட்டி

பழைய வேலூர் மாவட்டத்தில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், தொழில் நடத்துபவரும் நகராட்சி நடத்துபவரும் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டியதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் மேலோட்டமாகத் தண்ணீர் ஓடுவதில்லை. ஆறு மணலுக்கடியில்தான் இருக்கிறது. அந்த ஊற்றைத்தான் உழவர்கள் ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். பல ஊர்களின் குடிநீர்க் கிணறுகளும் அதை நம்பியே இருக்கின்றன. ஓடும் ஆற்றில் விட்ட கழிவு கடலுக்குப் போய்விடுகிறது என்று மற்ற இடங்களில் சொல்லும் சமாதானம்கூட இங்கே செல்லாது. இங்கே விட்டது இங்கேயே இறங்கி, அடுத்த கிராமத்துக் கிணற்றில் ஏறுகிறது.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று இந்த மண்ணிலிருந்து எழுந்ததும் அதனால்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதையும் நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி அதிகார அமைப்பை ஏற்படுத்தச் சொன்னது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் இழப்பீட்டைப் பாதிக்கப்பட்டோருக்குக் கொடுத்து முடிக்கவும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டு, கண்காணிப்புக்கென ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. விவகாரம் முடிந்துவிட்டது என்று இங்கே தொழில் செய்பவர் எவரும் நினைக்க இடமில்லை.

கீழே சொல்லப்படுவது பெரும்பாலும் தோல் பதனிடும் ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் சாயம், ரசாயனம், உணவுப் பொருள், மருத்துவமனை என்று எந்தத் தொழிலானாலும் வரிசைமுறை இதுவே. உள்ளாட்சிகளுக்கு உரியதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: இடம் பொருந்துமா என்று பார்த்தல்

நிலம் வாங்கி, கட்டடம் கட்டி, அதன்பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் போகும் வழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். 1989 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 213, கடும் மாசு உண்டாக்கும் தொழில்கள் ஆறு, ஓடை, அணை போன்ற நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக அமைவதைத் தடை செய்கிறது. 1996 தீர்ப்பு இந்த ஆணையை உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது. எனவே முதல் வேலை, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலும் புலப்படமும் கிராம வரைபடமும் பெற்று, உங்கள் சர்வே எண்ணின் எல்லையிலிருந்து ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால், குடிநீர்க் கிணறு, குடியிருப்பு ஆகியவை எவ்வளவு தூரம் என்று அளந்து ஒரு தாளில் வரைவது. வறண்டு கிடக்கும் ஓடை கண்ணுக்குப் பள்ளமாகத்தான் தெரியும். வருவாய்ப் பதிவேட்டில் ஓடை என்று இருந்தால் அது ஓடைதான்.

அடுத்ததாக, மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவையா என்று பார்க்க வேண்டும். தோல் பதனிடும் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள கட்டடங்களும் இருக்கின்றன. ஆகவே பெரிய மருத்துவமனையும் கல்லூரி வளாகமும் இதில் சிக்கும். அனுமதி கைக்கு வருமுன் அடித்தளம் தோண்டுவதே மீறல் என்பதைக் கட்டட ஒப்பந்ததாரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: இசைவாணை

1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படியும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின்படியும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு கட்டங்களில் இசைவாணை, அதாவது எழுத்துமூல ஒப்புதல், பெற வேண்டும். கட்டடம் எழுப்புமுன் நிறுவுவதற்கான இசைவாணை. உற்பத்தி தொடங்குமுன் இயக்குவதற்கான இசைவாணை. தொழில்கள் மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. பதனிடாத பச்சைத் தோலிலிருந்து தோல் பதனிடுவது சிவப்பு வகை. விண்ணப்பம் வாரியத்தின் இணையதளத்தில்தான். கட்டணம் நிலையான சொத்துகளின் மொத்த மதிப்பைப் பொறுத்தது என்பதால் ஆடிட்டர் சான்று தேவைப்படும். அந்த மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பின்னால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதற்குள் கோப்பு தேங்கும்.

முழுமையான விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதங்களுக்குள் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகக் கருதலாம் என்று நீர்ச் சட்டத்தின் 25(7) பிரிவு சொல்கிறது. இதை நம்பி இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். விண்ணப்பம் முழுமையாக இருந்ததா என்பதே பின்னால் வழக்காகும்.

ஆணை வந்ததும் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டுவதற்கு முன் வரிவரியாகப் படியுங்கள். உற்பத்தி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கழிவுநீர் எவ்வளவு, அது எங்கே போக வேண்டும், எந்தத் தேதி வரை செல்லும் என்பவை அதில் இருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே யார் பொறுப்பு, எந்தப் பதிவேடு அதற்குச் சான்று என்று எழுதிய ஓர் அட்டவணையைத் தயாரித்துக் கொள்வது நல்லது. உற்பத்தியைக் கூட்டினாலோ, பொருளை மாற்றினாலோ, தோல் பதனிடும் டிரம் ஒன்றைக் கூடுதலாக வைத்தாலோ பழைய ஆணை அதற்குச் செல்லாது.

மூன்றாம் படி: தண்ணீர்க் கணக்கு

என் கணிப்பில் இந்த வட்டாரத்தில் சட்ட இணக்கம் என்பதன் முதுகெலும்பு இதுதான். உரிமம், சான்றிதழ், ஆய்வக அறிக்கை எல்லாம் முறையாக இருந்தும் ஓர் ஆலை மாட்டிக்கொள்கிறது என்றால், உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாளுக்கு 2 டன் பச்சைத் தோல் எடுத்து முழுத் தோலாக முடிக்கும் ஆலை, கிலோவுக்கு 30 லிட்டர் தண்ணீர் செலவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 60,000 லிட்டர் வேண்டும். போர்வெல் மீட்டரும் லாரித் தண்ணீர் ரசீதும் சேர்ந்து ஏறத்தாழ அந்த அளவைக் காட்ட வேண்டும். பல ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாயில் உள்ள மீட்டர் 50,000 லிட்டர் காட்டினால், எஞ்சிய 10,000 லிட்டர் தோலில் தங்கியது, ஆவியானது, கசட்டோடு போனது, பாய்லரில் செலவானது என்று விளக்க முடியும். அதே மீட்டர் 30,000 காட்டினால் மீதி எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை இருக்காது. மறுபக்கமும் உண்டு: 3 டன் தோல் வாங்கிய பில் இருக்கிறது, தண்ணீர் மட்டும் 2 டன்னுக்கு உரியதாக இருக்கிறது என்றால், மீட்டரில் ஏறாத ஒரு கிணறு இருக்கிறது என்றே எவரும் முடிவு செய்வார்கள்.

ஆகவே தினமும் ஒரே நேரத்தில், வேலை தொடங்குமுன், எல்லா மீட்டர்களையும் படித்து எழுத வேண்டும். ஒவ்வொரு போர்வெல்லுக்கும் தனி மீட்டர், சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கட்டும். மின்சாரம் ஏன் என்றால், காற்றூட்டும் பிளோயர்கள் ஓடாமல் சுத்திகரிப்பு நடக்காது. பதிவேட்டில் 24 மணி நேரம் ஓடியதாக எழுதிவிட்டு யூனிட் ஏறாமல் இருந்தால், அந்தப் பதிவேடு உங்களுக்கே எதிரான சாட்சியாகும். மீட்டர் பழுதானால் பழுதான நேரத்தையும் சரிசெய்த நேரத்தையும் எழுதுங்கள். வெறுமையாக விட்ட நாளைவிடப் பழுது என்று எழுதிய நாள் மேலானது. வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பிய நோட்டை எந்தப் பொறியாளரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நான்காம் படி: கழிவுநீரைக் கலக்காமல் பிரித்தல்

தோல் ஆலையின் கழிவுநீர் ஒரே வகையானதன்று. ஊறவைக்கும் நீரில் உப்பு; சுண்ணாம்பு நீரில் சல்பைடு; பதனிடுமுன் தோலை அமிலப்படுத்தும் பிக்கிள் நீரில் அமிலமும் உப்பும்; குரோம் டிரம்மிலிருந்து வருவதில் குரோமியம். இவற்றை ஒரே வாய்க்காலில் விட்டால் சுத்திகரிப்பின் செலவு பலமடங்காகும், உயிரும் போகலாம்.

உப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஆனால் ஊறல் நீரில் அது பல்லாயிரங்களில் இருக்கும். இதை இறக்க ஆர்.ஓ. வேண்டும், ஆர்.ஓ. கழித்த செறிவு நீரைக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேண்டும். அது விட்டுச்செல்லும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லாமல் கொட்டகைகளில் அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. எனவே மிக மலிவான சுத்திகரிப்பு, தோல் தண்ணீரைத் தொடுமுன் அதன்மேல் உள்ள உப்பை உதறி எடுப்பதுதான். மரச் சட்டத்தின்மேல் தோலைப் பரப்பி உதறும்போது சாம்பல் நிறத்தில் மயிரும் சாணமும் ஒட்டிய உப்பு கீழே குவியும். அதைத் தார்ப்பாய் விரித்த, கூரையுள்ள இடத்தில் சேர்த்து எடை போட்டு எழுதுங்கள். மழையில் நனைய விட்டால் உதறியதே வீண்.

சல்பைடு விஷயத்தில் கவனக்குறைவுக்கே இடமில்லை. சுண்ணாம்பு நீரும் அமில நீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; செறிவு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும்; அப்போதுதான் ஆபத்து உச்சம். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் மாண்டுபோவது இப்படித்தான். வாயு அளவி இல்லாமல், காற்றூட்டாமல், மேலே ஆள் நிற்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல் எவரையும் எந்தத் தொட்டிக்குள்ளும் இறக்கக் கூடாது. அவசரம் என்ற சொல் இங்கே செல்லாது.

குரோமியத்தைத் தனிக் குழாயில் தனித் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மெக்னீசியம் ஆக்சைடு இட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாகக் கீழே படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடப் பயன்படும். வெளியேறும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமும், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் 0.1 மில்லிகிராமும் வரம்பு. காசு கொடுத்து வாங்கிய ரசாயனத்தைக் காசு கொடுத்துச் சுத்திகரிப்பதைவிட மீட்டுப் பயன்படுத்துவது கணக்குக்கும் நல்லது.

ஐந்தாம் படி: கசடும் அபாயகரமான கழிவும்

2016-ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின்படி குரோமியம் கலந்த கசடு, பயன்படுத்திய எண்ணெய், ரசாயனக் காலி டப்பாக்கள் முதலியவற்றுக்கு வாரியத்தின் தனி அங்கீகாரம் வேண்டும். 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. அன்றாட வரவு செலவு படிவம் 3-இல். ஆண்டு அறிக்கை படிவம் 4-இல், ஜூன் 30-க்குள். லாரியில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஏழு பிரதிகள் கொண்ட படிவம் 10. கழிவு போய்ச் சேர்ந்த இடத்தில் கையெழுத்தாகித் திரும்பி வரும் பிரதியை வாங்கிக் கோப்பில் வைக்கும் வரை உங்கள் பொறுப்பு தீரவில்லை. குறைந்த வாடகைக்கு வருகிறேன் என்று சொல்லும் லாரிக்காரர் அதை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போனால், கொட்டியவரோடு கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

சேமிப்பின் அளவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கசட்டுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். கசடு என்பது பார்க்கச் சேறுபோல இருந்தாலும் தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீருக்கெனக் கட்டிய சுவரில் அதை நிரப்பக் கூடாது. தொட்டியின் வடிவமைப்புக் கொள்ளளவைச் சுவரிலேயே பெயின்டால் கோடு போட்டுக் காட்டுங்கள். கட்டமைப்புப் பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்குங்கள். தொட்டிச் சுவரை ஒட்டி ஆள்கள் தங்கவோ தூங்கவோ இடம் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: காற்று, இரைச்சல், ஆண்டு அறிக்கைகள்

இது எளிது. ஜெனரேட்டரின் புகைபோக்கி, கட்டடத்தின் உயரத்துக்கு மேல், அதன் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. அளவின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவு இருக்க வேண்டும்: 100 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர், 400 என்றால் 4 மீட்டர். குடியிருப்புப் பகுதியில் இரைச்சல் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. தொழிற்பகுதியில் 75-உம் 70-உம். சுற்றுச்சூழல் அறிக்கையான படிவம் 5-ஐ ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். இசைவாணை புதுப்பிப்பு, படிவம் 4, படிவம் 5 ஆகிய மூன்றின் தேதிகளையும் ஆயுத பூஜையன்று தொடங்கும் புதுக் கணக்கைப்போல ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகள் செய்ய வேண்டியவை

சட்டம் தொழிற்சாலைக்குத்தான், நமக்கில்லை என்ற எண்ணம் உள்ளாட்சி அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உள்ளாட்சியும் அதே நீர்ச் சட்டத்தின்கீழ் இசைவாணை பெற வேண்டும்; அதே ஆய்வுக்கும் அதே நடவடிக்கைக்கும் உட்பட வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு மூன்றாண்டுக் கெடு விதித்து உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 22 அன்று உத்தரவிட்டது. அதன்பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திடக்கழிவு விதிகளைப் பின்பற்றாத உள்ளாட்சிகளுக்கு 2020 ஏப்ரல் முதல் மாதந்தோறும் இழப்பீடு விதித்தது: மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல் என்றால் 10 லட்சம் ரூபாய், 5 முதல் 10 லட்சம் என்றால் 5 லட்சம், மற்றவற்றுக்கு 1 லட்சம்.

வேலூரில் குப்பையை வார்டிலேயே பிரித்து, மக்கும் குப்பையை அங்கங்கே உரமாக்கும் முறை நெடுநாளாகப் பழகியது. அந்த முறை நிலைப்பது தூய்மைப் பணியாளர் வீட்டு வாசலில் பிரித்து வாங்குகிறாரா என்பதைப் பொறுத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய திடக்கழிவு விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படுபவை என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஆகவே வண்டியில் நான்கு தடுப்புகள் இல்லாமல் வீட்டுக்காரரை மட்டும் நான்காகப் பிரிக்கச் சொன்னால், ஒரே வாரத்தில் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் விடுதி, திருமண மண்டபம், மருத்துவமனை ஆகியவற்றின் பட்டியலை வார்டுவாரியாகத் தயாரியுங்கள். மருத்துவக் கழிவு சாதாரணக் குப்பை வண்டியில் ஒருபோதும் ஏறக் கூடாது; அது உண்டான 48 மணி நேரத்துக்குள் மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

செப்டிக் டேங்க் லாரிகளை உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்த வேண்டியதும் உள்ளாட்சியே. ஒவ்வொரு லாரியும் எந்த வீட்டில் எடுத்தது, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியது என்ற சீட்டு இருக்க வேண்டும். எடுத்ததும் இறக்கியதும் ஒத்துப்போகவில்லை என்றால் மீதி பாலாற்றில்தான் இறங்கியிருக்கிறது. சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது.

சிறு ஊராட்சியால் ஆய்வகம் வைக்க முடியாது. ஆனால் பதவியில் இருக்கும் தலைவர் ஒன்று செய்யலாம். ஊரிலுள்ள குடிநீர்க் கிணறுகளின் கரைந்த திண்ம அளவை, கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் மாதம் ஒரே தேதியில் அளந்து, கிராம சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். இப்படித் தொடர்ந்து எழுதப்பட்ட எண்களுக்கு எந்த மன்றத்திலும் மதிப்பு உண்டு.

எட்டாம் படி: ஆய்வு, மாதிரி, நோட்டீஸ், மேல்முறையீடு

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தால் கதவை உடனே திறந்து, பதிவேடுகளை எடுத்து மேசையில் வையுங்கள். கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உங்களுக்கு ஓர் உரிமை தருகிறது: மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். முடிவு வந்தபிறகு கேட்டால் கிடைக்காது. ஆகவே மேலாளர் இல்லாத நேரத்திலும் இதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கொடுங்கள். பதிலில் மறுப்பைவிட மூன்று விவரங்களே முக்கியம்: என்ன நடந்தது, எப்போது சரிசெய்யப்பட்டது, அதற்கான பில்லும் படமும் எங்கே. மீறல் தொடர்ந்தால் நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் ஆணையிடலாம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம்.

இசைவாணை மறுக்கப்பட்டாலோ ஏற்க முடியாத நிபந்தனை விதிக்கப்பட்டாலோ, ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் போக வேண்டும். 33-ஏ ஆணைக்கு எதிராக நேரே சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கும் 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். மனுவோடு இணைக்க வேண்டியவை இசைவாணை நகல், நோட்டீஸ், கொடுத்த பதில், கடந்த மாதங்களின் மீட்டர் பதிவேடு, மின்கட்டண ரசீதுகள், படிவம் 10-இன் திரும்பி வந்த பிரதிகள், இருதரப்பு ஆய்வக அறிக்கைகள். ஆணை எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்குத் தபால் உறையையும் பத்திரப்படுத்துங்கள்; 30 நாள் எண்ணத் தொடங்குவது அந்த நாளிலிருந்துதான்.